பொருள்: புதிய ரியல்டைம் பிசிஆர் கருவியில் ஒளி அளவீடு பிசகியிருப்பது – புகார்

அனுப்புநர்: ஆய்வகப் பொறுப்பாளர், தனியார் பரிசோதனைக் கூடம், கோரிப்பாளையம், மதுரை.
பெறுநர்: சர்வீஸ் மேலாளர், கருவி விற்பனை நிறுவனம், சென்னை.

ஐயா,

உங்களிடம் வாங்கிய, வைரஸின் மரபணுவைப் பெருக்கி அதன் ஒளியை அளக்கும் பிசிஆர் கருவி சரியாகப் படிக்கவில்லை என்று போனிலும் சொன்னோம், மெயிலிலும் எழுதினோம். உங்கள் இன்ஜினியர் வந்து செல்ஃப் டெஸ்ட் ஓட்டினார். திரையில் ‘பாஸ்’ வந்ததும் ரிப்போர்ட்டை நீட்டிக் கையெழுத்து கேட்டார். நான் போடவில்லை. “உங்க டெக்னீஷியன் பிப்பெட் பிடிக்கிறதுலதான் கோளாறு, மேடம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கோளாறு பிப்பெட்டிலா, அதாவது திரவத்தை அளந்து விடுவதிலா என்று கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரே பாட்டிலில் கலக்கிய ஃபுளோரசீன் என்ற ஒளிரும் சாயக் கரைசலை, சாம்பிள் தட்டின் 96 குழிகளிலும் ஒரே அளவு விட்டு, ஃபிலிம் ஒட்டி, குமிழி இல்லாதபடி சுழற்றிப் படிக்க வைத்தோம். எல்லாக் குழிகளும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். வலது ஓரத்து 11, 12ஆம் நெடுவரிசைகள் மட்டும் மற்றவற்றில் பாதியைத்தான் காட்டின. அதே தட்டை அரைச்சுற்று திருப்பி வைத்து மறுபடி ஓட்டினோம். தப்பு பிப்பெட்டில் என்றால் குறைந்த எண்கள் தட்டோடு சேர்ந்து இடது பக்கம் போயிருக்கும். போகவில்லை, வலது ஓரத்திலேயே நின்றன. இரண்டு ஓட்டங்களின் எண்களையும் இணைத்திருக்கிறேன், நீங்களே பாருங்கள்.

செல்ஃப் டெஸ்ட் பார்ப்பது விளக்கு எரிகிறதா, மோட்டார் நகர்கிறதா, பிளாக் சூடேறுகிறதா என்பதை. ஒளி குழிக்கு நேராக விழுகிறதா என்று அது சொல்லாது.

பாதி ஒளி என்றால் சிடி எண், அதாவது ஒளி குறித்த அளவைத் தொடும் சுற்றின் எண், ஏறக்குறைய ஒன்று தள்ளிப்போகும். வைரஸ் நிறைய இருக்கும் சாம்பிளுக்கு அது பெரிய விஷயமில்லை. பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் எல்லையான கட்-ஆஃப் பக்கத்தில் இருக்கும் சாம்பிள் நெகட்டிவ் ஆகிவிடும். குழிகளுக்கிடையே உள்ள ஒளி வேறுபாட்டை ராக்ஸ் சாயம் ஈடுகட்டிவிடும் என்றார் இன்ஜினியர். சரி, எங்கள் கிட்டில் ராக்ஸே கிடையாதே!

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. எங்கள் கிட்டில் டெங்குக்கு ஃபாம் சாயம், சிக்குன்குனியாவுக்கு ஹெக்ஸ். டெங்கு உண்டென்று தெரிந்த கன்ட்ரோல் சாம்பிளை மட்டும் போட்ட குழியில் சிக்குன்குனியா கோடும் எழும்புகிறது. ஃபாமின் ஒளி 520 நானோமீட்டர் வாக்கில் உச்சம் தொட்டாலும் அதன் வால் 550ஐத் தாண்டி, ஹெக்ஸைப் படிக்கும் இடம்வரை நீளும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தக் கசிவைக் கழிக்கத்தானே கலர் காலிப்ரேஷன்? ஃபேக்டரியில் செய்த ஃபைலை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எல்லாப் பக்கமிருந்தும் காய்ச்சல்காரர்கள் வருவார்கள். டெங்கு மட்டும் உள்ளவருக்கு இரண்டும் இருக்கிறது என்று ரிப்போர்ட் கொடுத்தால் டாக்டருக்கு யார் பதில் சொல்வது?

பெட்டி லாரியில் வந்து இறங்கியபோதே அதிர்ச்சி காட்டும் ஸ்டிக்கர் சிவப்பாக மாறியிருந்தது. போட்டோ இருக்கிறது. “அதெல்லாம் சும்மா ஒட்டுறதுங்க” என்றார் உங்கள் ஆள். சும்மா ஒட்டுவதற்கு எதற்கு ஸ்டிக்கர்?

மருத்துவ ஆய்வகங்களுக்கான தர விதியான ஐஎஸ்ஓ 15189 படி, கருவி சரியாக இருப்பதை உறுதி செய்த பிறகே நோயாளி சாம்பிளை ஏற்றலாம். அதனால் இன்றுவரை ஒரு சாம்பிள்கூட இதில் ஏற்றவில்லை. வெளி லேபுக்குக் காசு கொடுத்து அனுப்புகிறோம். அந்தச் செலவை நீங்கள்தான் ஏற்க வேண்டும்.

ஆப்டிக்ஸ் தெரிந்த இன்ஜினியரை, காலிப்ரேஷன் சாயத் தட்டுகளோடு அனுப்புங்கள். ஒளிப்பாதையை நேராக்கி, ஒவ்வொரு சாயத்துக்கும் தனித்தனியாக காலிப்ரேஷன் செய்து, தட்டைத் திருப்பி வைக்கும் சோதனையை எங்கள் கண்முன் ஓட்டிக் காட்ட வேண்டும். ரிப்போர்ட்டில் 96 குழிகளின் எண்களும் இருக்க வேண்டும். அப்படியும் சரியாகாவிட்டால் கருவியை மாற்றிக் கொடுங்கள். அதுவரை கடைசித் தவணைப் பணம் வராது.

வருகிறவரை மதியம் இரண்டு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். காலையில் சாம்பிள் நெருக்கடி, கூட நிற்க ஆள் கிடைக்காது.

இப்படிக்கு,
ஆய்வகப் பொறுப்பாளர்