செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: நெருஞ்சில் பதிவைத் திருத்திய ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை கடலூரில் நம் காட்டுப்பூ ஆர்வலர் சங்கம் செய்த வேலைகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

மாதம் ஒரு ஞாயிறு நடை என்று முடிவு செய்திருந்தோம். ஒன்பதுதான் நடந்தன. மே மாதம் வெயில் விடவில்லை. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அதன்பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் உங்களுக்கே தெரியும். டிசம்பர், ஜனவரி நடைகளை நிறுத்திவிட்டோம். அந்த நாட்களில் நம்மவர்கள் பலர் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டப் போனார்கள். அதைவிடப் பெரிய வேலை அப்போது ஏதுமில்லை.

இந்த ஆண்டில் நான் மனநிறைவோடு சொல்லக்கூடியது நெருஞ்சில் விவகாரம்தான். ஆகஸ்ட் நடை தேவனாம்பட்டினம் கடற்கரையை ஒட்டிய மணல்வெளியில். தரையில் மஞ்சள் பூ தெரிந்ததும், போன வருடப் பதிவேட்டில் எழுதியபடியே ‘நெருஞ்சில்’ என்று குறித்துக்கொண்டேன். உறுப்பினர் ஒருவரின் தாயாரும் அன்று கூட வந்திருந்தார். செடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தம்பி, இது காலைக் குத்துற நெருஞ்சி இல்ல. ஆனை நெருஞ்சி. தண்ணியில போட்டுப் பாருங்க” என்றார். ஒரு சின்னக் கிளையை ஒடித்து, டம்ளர் தண்ணீரில் விட்டு நாலு சுற்றுச் சுற்றினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. தண்ணீர் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கெட்டியாகி, விரலைத் தூக்கினால் நூலாக இழுத்தது. சில மணி நேரம் வைத்திருந்தால் மறுபடி நீர்த்துவிடும் என்றும் அவரே சொன்னார்.

அப்புறம்தான் எல்லோரும் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தோம். காலைக் குத்தும் சிறு நெருஞ்சிலுக்குப் புளிய இலை போலச் சிற்றிலைகள் இரண்டு வரிசையாக இருக்கும். தண்டு தரையோடு படரும். பூவில் ஐந்து இதழும் தனித்தனி. யானை நெருஞ்சிலின் இலையோ ஒற்றை இலை, சதைப்பற்றோடு, ஓரத்தில் பல் வெட்டியது போல் இருக்கும். பூ குழல் வடிவம். இதழ்கள் அடியில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். காயை எடுத்தால் சந்தேகமே வராது. சிறு நெருஞ்சில் காய் முள்ளோடு ஐந்து துண்டாகப் பிரியும். யானை நெருஞ்சில் காய்க்கு நான்கு பட்டை, அடிப்பக்கம் பட்டைக்கு ஒரு முள். இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள். மஞ்சள் நிறமும் முள்ளும் பெயரும்தான் பொது.

அன்று மாலையே பதிவேட்டைத் திறந்தேன். ‘நெருஞ்சில்’ என்று பதினொரு பதிவுகள், எல்லாமே பூவை மட்டும் மேலிருந்து எடுத்த படங்கள். படத்தின் ஓரத்தில் இலை தெரிந்த ஏழு பதிவுகளைத் திருத்த முடிந்தது. மற்ற நான்கையும் நீக்கிவிட்டேன். அவற்றில் மூன்று நான் எழுதியவை. நீக்கும்போது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் தப்பான பதிவைவிட வெற்றிடம் மேல் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அதன்பின் செயற்குழு ஒரு விதி வைத்தது. முழுச் செடி, இலை தண்டில் அமைந்திருக்கும் விதம், பூ முன்னும் பின்னும், காய் இருந்தால் காய் – இவ்வளவும் படத்தில் வந்தால்தான் பதிவு. பூவின் பின்பக்கத்தை யாரும் எடுப்பதில்லை. புல்லி இதழ் அங்கேதான் இருக்கிறது. பல செடிகளைப் பிரித்துச் சொல்வதும் அதுதான். ஓரிதழ் தாமரையை லென்ஸ் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒற்றை இதழ் என்று பேர்; பெரிய இளஞ்சிவப்பு இதழுக்கு மேலே இன்னும் நான்கு குட்டி இதழ்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

அக்டோபரில் கேப்பர் மலைப் பக்கம் வேலியில் செங்காந்தள் பார்த்தோம். ஒரே கொடியில் பச்சை கலந்த மஞ்சளிலும் முழுச் சிவப்பிலும் பூக்கள் இருந்ததால், வந்திருந்த மாணவி ஒருத்தி இரண்டு செடி பின்னிக் கிடக்கிறது என்று நினைத்தாள். பூ முதிர முதிர நிறம் மாறும். பூவே இல்லாவிட்டாலும், இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடித்திருப்பதைக் கொண்டு சொல்லிவிடலாம். கிழங்கு முதல் விதை வரை நஞ்சு. பிள்ளைகளோடு வருகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டுகிறேன். மார்ச் நடையில் வெள்ளி கடற்கரையில் அடும்பு என்ற கொடியைப் பார்த்தோம். மான் அடி போன்ற பிளவுபட்ட இலை என்று சங்கப் பாட்டே அடையாளம் சொல்லி வைத்திருக்கிறது. பூவோடு நிற்காமல் இலையையும் பார்த்துச் சொன்ன அந்தக் கண்ணை நினைத்து அங்கேயே கொஞ்ச நேரம் நின்றோம்.

உண்ணிச்செடி, வெட்டுக்காயப் பூண்டு, நித்தியகல்யாணி முதலியவை வெளிநாட்டிலிருந்து வந்தவை. அவற்றுக்குப் பதிவேட்டில் தனிப் பக்கம் ஒதுக்கியாயிற்று. இரண்டு கைலென்ஸ் வாங்கினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

அடுத்த நடை மறுபடி தேவனாம்பட்டினம். விஷ்ணுகிரந்தி மதியத்துக்குள் மூடிக்கொள்ளும் என்பதால் காலை 6 மணிக்கே கிளம்புகிறோம். நீக்கிய நான்கு பதிவுகளின் இடங்களுக்கும் திரும்பப் போகிறோம். தண்ணீர் பாட்டிலோடு ஒரு டம்ளரும் எடுத்து வாருங்கள். அந்த அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

செயலாளர்