உன் கட்டைவிரல் துடித்த ராத்திரி

அன்புள்ள கதிருக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் அப்பா இருந்தார், அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். அதனால் எழுதுகிறேன். "அடிபட்ட அன்னைக்கே நடந்தது நடந்துருச்சே, அப்புறம் எதுக்கும்மா ஒன்பது நாள் ஐசியூ? முதல் ஸ்கேன்ல சின்னதாத்தானே இருந்துச்சு?" என்றாய்.

பைபாஸில் உன் தலை தரையில் மோதியபோது செத்த செல்கள் ஒரு பங்குதான் எய்யா. மீதி அங்கே சாகவில்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தடுத்த நாட்களில் செத்தன. ரத்தக்கசிவும் வீக்கமும் ஒரு காரணம், அதை டாக்டர் அன்றே சொல்லிவிட்டார். இன்னொன்றைப் பிறகுதான் படித்துப் புரிந்துகொண்டேன்.

இருபத்தெட்டு வருஷம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு நியூரான் படம் போட்டவள் நான். ஒரு செல் அடுத்ததற்குச் செய்தி அனுப்பும் என்று சொல்லிக் கடந்துவிடுவேன். அந்தச் செய்தியே அளவு மீறினால் வாங்குகிற செல் செத்துப்போகும் என்று ஒரு நாளும் சொல்லிக்கொடுத்ததில்லை, எனக்கே தெரியாது.

மூளையில் செல்லைத் தூண்டிவிடுகிற வேலையைப் பெரும்பாலும் செய்வது குளூட்டமேட். செல்லுக்குள் அது வெளியே இருப்பதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். வெளியே சிந்துவதை ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்கள் உடனுக்குடன் உறிஞ்சிவிடும், அந்த வேலைக்குச் சக்தி வேண்டும். அடிபட்ட இடத்தில் செல்கள் கிழிந்து குளூட்டமேட் கொட்டுகிறது, ரத்த ஓட்டம் குறைந்து சக்தியும் இல்லை, உறிஞ்ச வேண்டிய பம்புகளே சில இடத்தில் திரும்பி ஓடி இன்னும் கொட்டுகின்றன. பக்கத்துச் செல்லில் ஒரு கதவு, என்எம்டிஏ ஏற்பி என்று பெயர், சும்மா இருக்கும்போது மக்னீசியம் அதைத் தக்கை மாதிரி அடைத்திருக்கும். தூண்டல் நிற்காமல் வந்தால் தக்கை தெறித்துவிடும், கால்சியம் உள்ளே பாயும். கொஞ்சம் கால்சியம் நல்லது, நாம் எதையும் மனதில் வைத்துக்கொள்வதே அதனால்தான். வெள்ளமாக வந்தால் புரதத்தை அறுக்கும் நொதிகள் விழித்துச் செல்லின் சட்டகத்தையே அறுக்கும், செல்லுக்குச் சக்தி தருகிற மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தில் மூழ்கி நின்றுபோகும். அப்படிச் செத்த செல் தன் குளூட்டமேட்டை அடுத்த செல்மேல் கொட்டும். சில செல்கள் சில மணி நேரத்தில் ஊதி வெடிக்கும், சில நாள்கணக்கில் தாக்குப்பிடித்துவிட்டு அப்புறம் சாகும்.

இரண்டாம் நாள் ராத்திரி உன்னைப் பார்க்க ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். உன் வலது கட்டைவிரல் லேசாகத் துடித்தது. விட்டு விட்டு, ஒரே கணக்கில். பிள்ளை முழிக்கிறான் என்று நினைத்து உன் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டேன் கதிர். நர்ஸ் ஓடி வந்து என்னை நகர்த்திவிட்டு ஊசி போட்டாள். அது வலிப்பு. மூளையின் இடது பக்கச் செல்கள் கூட்டமாக ஒரே நேரத்தில் மின்துடிப்பு அனுப்புகிறபோது வலது விரல் அப்படித் துடிக்கும். ஏற்கெனவே சக்தி இல்லாத செல்லை இன்னும் ஓடு ஓடு என்று விரட்டுவது அது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

நெற்றியில் ஈரத்துணி, காய்ச்சல் ஏறவிடாமல் மருந்து, வலிப்பு மருந்து, மயக்கத்திலேயே வைத்தது, ஆக்சிஜன், மணிக்கொரு தரம் சர்க்கரை பார்த்தது எல்லாம் சக்தி குறையாமலும் தூண்டல் கூடாமலும் மிச்சச் செல்களைக் காப்பாற்றத்தான். ஒன்பது நாள் அதற்குத்தான்.

குளூட்டமேட் கூடினால் செல் சாகும் என்பது புதிதாகத் தெரிந்த விஷயமும் இல்லை. 1969ல் ஜான் ஓல்னி என்ற அமெரிக்கர் சுண்டெலிக் குட்டிகளுக்கு அஜினோமோட்டோ உப்பை, அதுவும் குளூட்டமேட்தான், ஊசியில் ஏற்றி, மூளைச் செல்கள் சாவதைக் காட்டினார். நீ உடனே ஃபிரைட் ரைஸை நினைக்காதே, சாப்பாட்டில் வருவதில் பெரும்பகுதியைக் குடலே எரித்துவிடும், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே தடுப்பும் உண்டு. ஆனால் 1987ல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து வந்த சிப்பிகளைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது. சிப்பியில் இருந்த டோமோயிக் அமிலம் குளூட்டமேட் மாதிரியே செல்களைத் தூண்டிவிடும். பிழைத்தவர்களில் சிலருக்குப் புதிதாக எதுவும் மனதில் நிற்கவில்லை. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கால்சியம் பாய்கிற அந்த என்எம்டிஏ கதவை அடைக்க ஒரு ஊசி போட்டிருக்கலாமே என்று டாக்டரிடம் நானும் கேட்டேன். 1990களிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்கவில்லை. மக்னீசியமும் கைகொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதற்குள் முதல் வெள்ளம் கடந்துவிடுகிறது, அதற்குமேல் அதே கதவு செல் பிழைப்பதற்கும் தேவைப்படுகிறது, முழுக்க அடைக்க முடியாது. வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினாயே, நரம்பை மறுபடி முளைக்க வைக்கும் என்று ஒரு பவுடர், அதற்குக் காசு கொடுக்காதே. வலிப்பு மாத்திரையையும் நீயாக நிறுத்தாதே, அடுத்த மாதம் வரும்போது டாக்டரிடமே கேட்போம்.

அப்புறம், போன வாரம் "அந்த... இட்லி அவிக்கிற..." என்று நீ தடுமாறியபோது நான் பேசாமல் இருந்தேன் என்று கோபப்பட்டாய். எனக்கு வார்த்தை தெரியாமலா? எடுத்துக் கொடுக்காதீர்கள், அவரே தேடட்டும் என்று ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று எண்ணும்போது கொப்பரை என்று நீயே சொன்னாய்.

அம்மா