வால்வை மாற்றுமுன் எல்போவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆலைகளிலும் நீரேற்று நிலையங்களிலும் வால்வு அதிர்ந்து இரைந்தால் உடனே புது வால்வு வாங்கிவிடுகிறார்கள். சில மாதங்களில் அதற்கும் அதே கதி. பழுது பெரும்பாலும் வால்வில் இல்லை, அதற்கு முன்னுள்ள குழாயில் இருக்கிறது.

100 மி.மீ. குழாயில் தண்ணீர் வினாடிக்கு 3, 4 செ.மீ. வேகத்தைத் தாண்டினாலே ஓட்டம் கொந்தளிப்பாகிவிடும். ஆலைகளில் அது 2 மீட்டர் வேகத்தில் ஓடுவது சாதாரணம். ஆகவே கொந்தளிப்பை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். எல்போவில், அதாவது குழாய் வளைவில், திரும்பிய நீர் ஒருபக்கம் வேகமாகவும் மறுபக்கம் சுழன்றும் வந்து மோதுவதே வால்வைக் கெடுக்கிறது. எல்போவுக்கும் வால்வுக்கும் நடுவே குழாய் விட்டத்தைப்போல் 5 மடங்காவது, முடிந்தால் 10 மடங்கு, நேர்க்குழாய் விடவேண்டும். 100 மி.மீ. குழாய்க்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர்.

இடமில்லையா? குழாய்க்குள் வட்டத் தகடு சுழன்று திறந்து மூடும் பட்டர்ஃப்ளை வால்வானால், அந்தத் தகட்டைத் தாங்கும் தண்டைத் திருப்பிப் பொருத்துங்கள். எல்போ படுக்கையாகத் திரும்பினால் தண்டும் படுக்கையாக, கீழிருந்து மேலேறித் திரும்பினால் செங்குத்தாக. அப்போது தகட்டின் இரு பாதியிலும் நீர் சமமாக விழும், படபடப்பு அடங்கும். இதற்குக் காசு செலவில்லை. ஆனாலும் பல இடங்களில் கைப்பிடி எட்டும் வசதிக்காகவே தண்டின் திசையை முடிவுசெய்கிறார்கள்.

கதவுபோல் தகடு இறங்கி மூடும் கேட் வால்வைப் பாதி திறந்து ஓட்டத்தைக் குறைக்கும் பழக்கம் இன்னும் மோசம். அது முழுக்கத் திறக்க அல்லது முழுக்க மூடத்தான். பாதியில் நின்றால் கதவு ஆடும், அது அமரும் இருக்கை (சீட்) அரிக்கும், பிறகு மூடினாலும் ஒழுகும். அளவைக் கட்டுப்படுத்தக் குளோப் வால்வு போடுங்கள். அதையும் குழாய் அளவுக்கே வாங்காமல், வேண்டிய ஓட்டத்துக்குக் கணக்கிட்டு, 20 முதல் 80 சதவீதத் திறப்புக்குள் வேலை செய்யும்படி தேர்ந்தெடுக்க வேண்டும்.

உள்ளே ஜல்லி உருளுவதுபோல் சத்தம் கேட்டால் அது கேவிடேஷன். வால்வின் இடுக்கில் அழுத்தம் விழுந்து நீர் குமிழியாகிறது, குமிழி உடைந்து இரும்பைக் கொறிக்கிறது. நீர் வெளியேறும் பக்கத்தில் அடுத்துள்ள வால்வு ஒன்றைச் சற்றே மூடிப் பாருங்கள். சத்தம் குறைந்தால் சந்தேகம் தீர்ந்தது. சத்தமிடும் வால்வுக்குப் பின்னால், துளையின் அளவைக் கணக்கிட்ட தகடு ஒன்றைப் பிளாஞ்சுகளுக்கிடையே (குழாய்களை இணைக்கும் விளிம்பு வளையங்களுக்கிடையே) வைத்தால், அழுத்த வீழ்ச்சியை இரண்டும் பகிர்ந்துகொள்ளும்.

டெண்டரில் வால்வின் அளவையும் ரகத்தையும் மட்டும் எழுதி, முன்னும் பின்னும் விடவேண்டிய நேர்க்குழாய் நீளத்தை விட்டுவிடுகிறார்கள். வரைபடத்திலேயே அதையும் தண்டின் திசையையும் குறிக்க அதிகாரிகளும் ஆலை நிர்வாகங்களும் முன்வர வேண்டும்.

— குழாய்ப் பராமரிப்புப் பொறியாளர், கோவை