செயலாளரின் ஆண்டறிக்கை – சதுரங்கக் கழகம்

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். லீக் நடந்தது. ரேபிட் என்ற விரைவாட்டப் போட்டி நடந்தது. அதைவிட வேகமான பிளிட்ஸ் ஆட்ட மாலைகள் பெரும்பாலும் நடந்தன. சிறுவர் வகுப்பு தொடர்கிறது. போனோடு உள்ளே வந்து ஆட்டத்தை இழந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: 2003-ல் பொனோமரியோவுக்கே போன் அடித்து ஆட்டம் போனது, அவர் உலக சாம்பியனாக இருந்தவர்.

இனி, எல்லோரும் தனித்தனியாகப் பேசிவிட்டு என்னிடம் மட்டும் பேசாத விஷயம். லீக்கின் கடைசிச் சுற்றில் ஓர் உறுப்பினர் சிப்பாயைக் கடைசிக் கட்டத்துக்குக் கொண்டுபோனார், அதை எடுத்துவிட்டு ராணியை வைக்க வேண்டும், வெட்டுப்பட்ட ராணி எதிராளியின் கைக்குள் இருந்தது, நேரமோ இல்லை, அவசரத்தில் யானையைத் தலைகீழாக வைத்து "ராணி" என்று சொல்லிக் கடிகாரத்தை அழுத்திவிட்டார். நடுவராக இருந்த நான் அது யானைதான் என்றேன். அன்றிலிருந்து சிலர் எனக்கு வணக்கம் சொல்வதில்லை. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் நடுவர் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள்: தலைகீழாக வைத்தாலும் யானை யானைதான், வாயால் என்ன பெயர் சொன்னாலும் சரி. அதைக் குறுக்காக நகர்த்தினால் விதிமீறிய நகர்வு. 2017 கனடா சாம்பியன்ஷிப்பில், சமநிலையை முறிக்க நடந்த டைபிரேக் ஆட்டத்தில் நோரிட்சின் என்ற வீரர் இப்படித்தான் தலைகீழ் யானையை வைத்தார், ராணி எதிராளி சாம்புயேவ் கையில் இருந்தது, நடுவர் யானை என்றே தீர்ப்புச் சொன்னார், பட்டம் சாம்புயேவுக்குப் போனது. அந்த நடுவரும் வேண்டிய மட்டும் திட்டு வாங்கினார்.

எதிராளி ராணியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது சரியா? சரியில்லை, அவரிடமும் அதைச் சொன்னேன். ஆனால் காய் கிடைக்கவில்லையென்றால் கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரைக் கூப்பிட விதியே இடம் தருகிறது. கூப்பிடாமல் தானே ஒரு வழி கண்டுபிடித்தால் நடுவர் என்ன செய்வார்?

இதற்காகத்தான் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு வெள்ளை ராணி, ஒரு கறுப்பு ராணி என்று கூடுதலாக வாங்கிவைத்தேன். பொருளாளர் வீண்செலவு என்றார், செயற்குழுவில் இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு சிப்பாய் உயர்வில் ஒரு தகராறுகூட வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். இப்போது சில ராணிகளைக் காணோம். எடுத்துப்போனவர்கள் சத்தமில்லாமல் பெட்டியில் போட்டுவிட்டால் போதும், கேள்வி கேட்க மாட்டேன்.

அப்புறம் "மூன்று தடவை வந்துவிட்டது, டிரா" என்ற கூச்சல். பலகையில் ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம், ஆனால் கேட்க ஒரு முறை உண்டு. மூன்றாவது முறை அந்த நிலையைக் கொண்டுவரப்போவது உங்கள் நகர்வு என்றால் முதலில் அதை நகர்வுகளைக் குறிக்கும் ஆட்டத்தாளில் எழுத வேண்டும், பலகையில் ஆடக் கூடாது, பிறகு நடுவரிடம் சொல்ல வேண்டும். ஆடிக் கடிகாரத்தையும் அழுத்திவிட்டு வந்து கேட்டால் உரிமை போயிற்று. திரும்ப வர வேண்டியது நகர்வு அல்ல, நிலை. அடுத்து ஆட வேண்டியவரும் ஒவ்வொரு முறையும் அதே ஆளாக இருக்க வேண்டும், காஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது) உரிமையும் அதேபோல் இருக்க வேண்டும். கோரிக்கை தவறானால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். ஐந்தாவது தடவை என்றால்தான் நடுவர் தானாகவே நிறுத்துவார். இன்னொரு ஆட்டத்தில் ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் சிப்பாய், சிப்பாய் வைத்திருந்தவருக்கு நேரம் தீர்ந்தது. தோல்வி என்றேன், "தனிக் குதிரையால் மேட் செய்ய முடியாதே" என்று சண்டை. ராஜா மூலையில் மாட்டி, சொந்தச் சிப்பாயே வழியை அடைத்தால் முடியும். விதிப்படி நடக்கக்கூடிய ஏதாவது ஒரு நகர்வு வரிசையில் எதிராளியால் மேட் செய்ய முடிந்தால் போதும், நேரம் தீர்ந்தவர் தோற்றவர்தான்.

இதையெல்லாம் சொல்லத்தான் விதிமுறை வகுப்பு வைத்தேன். வந்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள். அதிகமாகச் சண்டை போடுகிறவர்கள் ஒருவர்கூட வரவில்லை. மேல்முறையீட்டுக் குழு அமைத்தோம், கூடவேண்டிய நாளில் ஒருவருக்கு வேலை, ஒருவருக்குக் கல்யாணம், மிச்சமிருந்தவர் தோற்றவரின் நண்பர். ஆட்டத்தாளில் கையெழுத்துப் போட்ட பிறகும் முறையீடு செய்யலாம் என்று விதி சொல்கிறது, கேட்க ஆள் வேண்டுமே.

வரவு செலவைப் பொருளாளர் விரிவாக வாசிப்பார். சுருக்கமாக, வந்தது செலவாகிவிட்டது, கொஞ்சம் மிச்சம். சந்தா பாக்கி அந்த மிச்சத்தைவிடப் பெரியது. பாக்கி வைத்திருப்பவர்களில் சிலர் ராணிச் செலவைப் பற்றிக் கேள்வி கேட்டவர்கள், பெயர் சொல்லவில்லை.

இடம் கொடுத்தவர்களுக்கும், கடைசிவரை இருந்து பலகை எடுத்துவைத்தவர்களுக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நான் இந்தப் பொறுப்பில் இருப்பேனா என்பது தெரியாது. செயலாளரும் நடுவரும் ஒரே ஆளாக இருப்பது நல்லதில்லை என்று சிலர் சொன்னது என் காதுக்கு வந்தது, நானும் அதைத்தான் சொல்கிறேன். நடுவர் பயிற்சிக்குப் போக இரண்டு பேராவது பெயர் கொடுங்கள். பெயர்ப் பட்டியல் பொருளாளரின் மேசையில் இருக்கிறது, சந்தா ரசீதுப் புத்தகமும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது.