இது கட்டுரையா, விளம்பரமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த மூட்டுத் தேய்மானக் கட்டுரையில், 'ஸ்டெம் செல் ஊசி போட்டால் தேய்ந்த குருத்தெலும்பு ஆறே மாதத்தில் புதிதாக வளர்ந்துவிடும்' என்று ஒரு வரி. ஸ்டெம் செல் என்பது பல வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. எந்த ஆய்வு அப்படி நிரூபித்தது என்று ஒரு சொல் இல்லை. சிகிச்சை மையத்தின் தொலைபேசி எண் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

இப்படியொரு கட்டுரையை உங்கள் பத்திரிகையிலிருந்து கத்தரித்து வைத்துக்கொண்டுதான் என் அக்கா ஒரு தனியார் மையத்துக்குப் போனார். இரண்டு முழங்காலிலும் நான்காம் நிலை, அதாவது கடைசி நிலைத் தேய்மானம். கையில் ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளிந்த மஞ்சள் நீரை முழங்காலில் ஏற்றி அனுப்பினார்கள். அது வெறும் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, ஸ்டெம் செல்லே அல்ல என்று பிறகு அரசு மருத்துவர்தான் சொன்னார். ரசீதில் மருந்தின் பெயர் இல்லை. 'சிகிச்சைக் கட்டணம்' என்று ஒற்றை வரி. அதற்காக அடகுக்குப் போன வளையல்கள் இன்னும் மீளவில்லை. கடைசியில் முதலமைச்சர் காப்பீட்டில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகுதான் அவர் மாடிப்படி ஏறுகிறார்.

ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை போன்றவை தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே செய்யக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது தங்களுக்குத் தெரியாததல்ல. 2022-ல் முழங்கால் தேய்மானத்துக்கு ஒரு ஸ்டெம் செல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது உண்மைதான். அதுவும் இரண்டாம், மூன்றாம் நிலைக்குத்தான். அமெரிக்காவில் ஏறத்தாழ 480 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்விலோ, ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, செல் ஊசிகள் சாதாரண ஸ்டீராய்டு ஊசியைவிட வலியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை. இதையெல்லாம் எழுத உங்களுக்கு இடமில்லையா?

அதே 2017-ல் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு மத்திய அரசு விலை உச்சவரம்பு விதித்தபோது, ஏழைகளுக்குப் பயன்படும் அந்தச் செய்தியை உள்பக்கத்தில் நான்கு வரியில் முடித்துக்கொண்டீர்கள். சர்க்கரை நோய்க்கு 'நிரந்தரத் தீர்வு' என்று அரைப்பக்கம் வந்தபோதும் கடிதம் எழுதினேன், வெளியிடவில்லை. நூலக நேரத்தைப் பற்றி எழுதியதை மட்டும் வெளியிட்டீர்கள். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகை என்பதால்தான் இவ்வளவு வருத்தம்.

பணம் பெற்று வெளியிடும் பக்கமென்றால் தலைப்புக்கு மேலேயே, படிக்கிற அளவு எழுத்தில், 'விளம்பரம்' என்று அச்சிடுங்கள். ஞாயிறு வந்த அந்த வரிக்கு ஒரு திருத்தமும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
தஞ்சாவூர்.