புண்ணைச் ‘சுத்தம் செய்வது’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோயாளிகளின் கால் புண் பற்றிய சென்ற வாரக் கட்டுரை பயனுள்ளது. அதில் ஒரு சொல் மட்டும் எனக்கு உறுத்துகிறது. டிப்ரைட்மென்ட் என்பதைப் ‘புண்ணைச் சுத்தம் செய்தல்’ என்று போட்டிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதை நம்பித்தான் இரண்டு வருடம் முன்பு அம்மாவுக்காக நான் கையெழுத்துப் போட்டேன்.

பஞ்சில் மருந்து தொட்டுத் துடைத்துக் கட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். அதற்கு எதற்கு முதுகில் ஊசி என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. உள்ளே போகும்போது குதிகாலில் எட்டணா அளவு கறுத்த பொருக்குதான் இருந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தால் எலுமிச்சம்பழம் நுழையும் பள்ளம், ஓரமெல்லாம் ரத்தக் கசிவு. “சுத்தம் பண்றேன்னு சொல்லிப் புண்ணைப் பெருசாக்கிட்டீங்களே” என்று அந்த இளம் டாக்டரிடம் சத்தம் போட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

கட்டுப் போட வந்த நர்ஸ்தான் புரியவைத்தார். “அழுகின கிழங்கை நல்லது தெரியுற வரைக்கும் சீவ மாட்டீங்களாண்ணே? அதேதான்.” புண் முன்பே அவ்வளவு பெரிதுதானாம், செத்த தோல் மேலே மூடியிருந்திருக்கிறது. நரம்பு மரத்துப்போனதால் அம்மாவுக்கும் வலி தெரியவில்லை. செத்த சதைக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத இடத்துக்கு ஊசி மருந்தும் போய்ச் சேராது. கிருமிக்கோ அதுதான் தீனி. அதனால் வெட்டி எடுக்கிறார்கள். கசிகிற ரத்தம், உயிருள்ள சதையைத் தொட்டுவிட்டார்கள் என்பதற்கு அடையாளம். ஒரே தடவையில் முடிவதும் இல்லை. அம்மாவுக்கு மூன்று முறை செய்தார்கள்.

பிறகு அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். பிரெஞ்சில் அதற்குக் கடிவாளத்தை அவிழ்ப்பது என்று பொருளாம்! 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இருந்த தெசோ என்ற அறுவை மருத்துவரின் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்கிறார்கள். இறுகிக் கிடக்கும் புண்ணைக் கீறித் தளர்த்துவதுதான் முதலில் இருந்த பொருள். செத்த சதையை நீக்குவது பின்னால் வந்து சேர்ந்தது. குதிரைச் சாமான் எப்படியோ ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏறிவிட்டது.

‘திசு அகற்றல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எந்தத் திசு? பயாப்சியிலும் திசுவைத்தான் எடுக்கிறார்கள், அது பரிசோதனைக்கு. வெறுமனே ‘சதையை வெட்டுவது’ என்றாலும் ஆபத்து. பக்கத்துப் படுக்கைப் பெரியவர் அதைக் கேட்டுக் காலையே எடுக்கப் போகிறார்கள் என்று பயந்து, கையெழுத்துப் போட மாட்டேன் என்று இரண்டு நாள் அடம்பிடித்தார்.

‘செத்த சதையை வெட்டி நீக்குதல்’ என்றே எழுதுங்கள். காதுக்கு நன்றாக இல்லைதான், நடப்பது அதுதானே. முடிந்த பிறகு புண் முன்பைவிடப் பெரிதாகத் தெரியும் என்று பக்கத்திலேயே ஒரு வரியும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
விருதுநகர்