பெயர் கேட்காமல் விட்டுவிட்டேன், அம்மா

கென்யாவின் நரோக் பகுதியில் மாசாய் மக்கள் தாங்களே நடத்தும் தொடக்கப் பள்ளிக்குப் பாடநூல்கள் கொண்டுபோனோம். வழியில் ஜீப் சேற்றில் புதைந்துவிட்டது. கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்த நீங்கள் கேனை ஓரமாக வைத்தீர்கள். வாரை நெற்றியில் மாட்டிப் புத்தகப் பெட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டீர்கள். மூன்று நடை! மழை பிடித்ததும் உங்கள் சிவப்புப் போர்வையைப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு நீங்கள் நனைந்தீர்கள்.

பள்ளியில் பிள்ளைகள் ஓடிவந்து தலை குனிந்து நிற்க, ஒவ்வொரு உச்சியையும் தொட்டு வாழ்த்தினீர்கள். முதல் வகுப்பில் அவர்கள் 'நாபோ, ஆரே, ஊனி' (ஒன்று, இரண்டு, மூன்று) என்று மாசாய் மக்களின் 'மா' மொழியில் எண்ணி, அதையே ஆங்கிலத்திலும் சொன்னார்கள். சன்னலோரம் நின்று கேட்டீர்கள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டீர்கள்.

ஒரு புத்தகம்கூட நனையவில்லை, அம்மா. அந்தப் பக்கம் போகிறவர்கள் இந்த அம்மாவிடம் சொல்லுங்கள்: ஆஷே ஓலெங், மிக்க நன்றி.